குரோவ்னர்: ஒரு குடிப்பெயரும் அது இழந்த குலச்சின்னமும்

(பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

ஆங்கிலேயக் குடும்பமொன்றின் பழமையை அறிய முற்படுவோர் முதலில் நாடும் சான்றுகள் இரண்டு: அக்குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் தாங்கிவரும் குடிப்பெயர் ஒன்று; கேடய வடிவில் வரையப்பட்டு வீட்டு வாயிலிலும் கல்லறையிலும் முத்திரையிலும் பொறிக்கப்படும் குலச்சின்னம் மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்தே பிறந்தவை என்றும், ஒரு குடிப்பெயரைக் கொண்டோர் அனைவருக்கும் அப்பெயருக்கென்று ஒரு சின்னம் உரியது என்றும் கருதும் வழக்கம் பரவலாக உள்ளது. பெயரைக் கேட்டுச் சின்னத்தை அச்சிட்டு விற்கும் வணிகமும் இக்கருத்தை நம்பியே நடைபெறுகிறது. வரலாற்றுச் சான்றுகள் இதற்கு மாறானதைக் காட்டுகின்றன. குடிப்பெயர் ஊரார் வாயில் பிறந்து, எவராலும் தடுக்க இயலாதபடி பரவிய பொதுச்சொல். குலச்சின்னமோ ஒரு குறிப்பிட்ட மனிதருக்கும் அவருடைய வழித்தோன்றல்களுக்கும் மட்டுமே உரிய, வழக்காடிக் காக்கத்தக்க உடைமை. அவ்வுடைமை ஒருவருக்கு உரியதென்பதை எதைக்கொண்டு முடிவு செய்தார்கள் என்னும் வினாவுக்கு விடை தரும் குடும்பங்களுள் முதன்மையானது குரோவ்னர் குடும்பம். எழுத்தில் இடம்பெறும் ‘ஸ்’ ஒலி பேச்சில் மறைந்துவிடுவதால் இப்பெயர் குரோவ்னர் என்றே ஒலிக்கிறது. தன் சின்னத்தை நீதிமன்றத்தில் இழந்த குடும்பம் இது. அவ்விழப்பின் ஆவணங்கள் இன்றுவரை அழியாமல் இருப்பதாலேயே, குலச்சின்னம் என்பது என்ன என்பதை இதன் வரலாறு மற்றெந்தக் குடும்பத்தின் வரலாற்றையும்விடத் தெளிவாக உணர்த்துகிறது.

வேட்டையில் பிறந்த பெயர்

1066ஆம் ஆண்டு நார்மண்டியின் கோமகன் வில்லியம் ஆங்கில நாட்டைக் கைப்பற்றியபோது, அந்நாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்குக் குடிப்பெயர் என்று ஒன்று இருக்கவில்லை. ஒரே ஊரில் இரண்டு ராபர்ட்டுகள் இருந்தால் அவர்களைப் பிரித்தறிய ஓர் அடைமொழி தேவைப்பட்டது; அவ்வடைமொழி தந்தையின் பெயராகவோ, வாழும் ஊராகவோ, செய்யும் தொழிலாகவோ, உடல் அமைப்பையோ குணத்தையோ சுட்டும் பட்டப்பெயராகவோ அமைந்தது. ஆங்கிலக் குடிப்பெயர்களுள் பெரும்பாலானவை இந்நான்கு ஊற்றுகளிலிருந்து வந்தவையே. 1086ஆம் ஆண்டில் வில்லியம் தன் நாட்டின் நிலவுடைமைகளைக் கணக்கெடுத்துத் தொகுப்பித்த டூம்ஸ்டே ஏட்டில் ‘வேட்டைக்காரன் வாலரன்’ என்று ஒருவர் குறிக்கப்படுகிறார். அங்கு ‘வேட்டைக்காரன்’ என்பது அவர் செய்த தொழிலை மட்டுமே குறித்தது. இத்தகைய அடைமொழி தந்தையோடு நின்றுவிடாமல் மகனுக்கும் பேரனுக்கும், அவர்கள் அத்தொழிலைச் செய்யாதபோதும், தொடர்ந்து ஒட்டிக்கொள்ளும்போதுதான் அது குடிப்பெயராகிறது. இம்மாற்றம் நிலவுடைமைக் குடும்பங்களில் முதலில் தொடங்கி, ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில் ஆங்கில நாட்டின் பெரும்பான்மை மக்களிடம் நிறைவுற்றது.

குரோவ்னர் என்பதும் இத்தகைய தொழிற்பெயரே. நார்மானியர் பேசிய பிரெஞ்சு மொழியில் ‘வெனர்’ என்பது வேட்டைக்காரனையும், ‘குரோ’ என்பது பெரிய அல்லது பருத்த என்பதையும் குறிக்கும். இவ்விரு சொற்களின் சேர்க்கையைத் தலைமை வேட்டைக்காரன் என்று பதவியைச் சுட்டுவதாகக் கொள்வது பெரும்பாலான பெயராய்வாளர்களின் வழக்கம். உடல் பருத்த வேட்டைக்காரன் என்று ஓர் ஆளைச் சுட்டும் பட்டப்பெயராகக் கொள்ளவும் இடமுண்டு. எவ்வாறு கொண்டாலும் அப்பெயர் பிறந்த சூழல் ஐயத்திற்கு இடமற்றது. நார்மானிய ஆட்சியில் ‘ஃபாரெஸ்ட்’ என்னும் சொல் மரங்கள் அடர்ந்த காட்டை மட்டும் குறிக்கவில்லை. மன்னனோ பெருநிலக்கிழாரோ வேட்டையாடுவதற்கென்று தனிச்சட்டத்தின்கீழ் ஒதுக்கப்பட்ட நிலப்பரப்பு முழுவதையும், அதனுள் அடங்கிய ஊர்களையும் வயல்களையும் சேர்த்தே அது குறித்தது. அங்கு மானைக் கொன்றாலும், மானுக்கு உணவாகும் பசுந்தழையை வெட்டினாலும் தண்டனை உண்டு. அச்சட்டத்தைக் காக்கவும் வேட்டையை நடத்தவும் பல படிநிலைகளில் அலுவலர்கள் இருந்தனர். ஃபாரெஸ்டர், பார்க்கர், வாரனர், ஃபால்க்னர், ஹன்ட் முதலிய ஆங்கிலக் குடிப்பெயர்கள் அவர்களுடைய பதவிகளின் எச்சங்களே.

வேல்ஸ் நாட்டின் எல்லையில், ஆங்கில நாட்டின் வடமேற்கே அமைந்த செஷையர் நாட்டுப்புறத்தில் இவ்வமைப்பு தனி வலிமை பெற்றிருந்தது. எல்லையைக் காக்கும் பொறுப்பை ஏற்ற செஸ்டர் ஏர்ல்கள், ஏறத்தாழச் சிற்றரசர்களைப் போன்றே தங்களுக்கென நீதிமன்றமும் அலுவலரும் கொண்டு அந்நிலத்தை ஆண்டனர். ஏர்ல் என்பது டியூக்கிற்கும் மார்க்குவெஸுக்கும் அடுத்த நிலையிலுள்ள உயர்குடிப் பட்டம். டெலமியர், விரல், மேக்கிள்ஸ்ஃபீல்டு ஆகிய வேட்டைக்காடுகள் அவர்கள் ஆட்சியில் இருந்தன. 1153 முதல் 1181 வரை ஏர்லாக இருந்த ஹியூ கெவேலியோக்கிடமிருந்து பட்வொர்த் என்னும் இடத்தில் நிலக்கொடை பெற்ற ராபர்ட் லெ குரோவ்னர் என்பவரே ஆவணங்களின் துணையோடு உறுதியாகக் காணத்தக்க முதல் முன்னோர். பெயரின் நடுவில் நிற்கும் ‘லெ’ என்னும் பிரெஞ்சுச் சுட்டு, ‘இன்ன தொழிலுடைய’ என்னும் பொருளை இன்னும் தாங்கி நிற்கிறது. பின்வந்த தலைமுறைகளில் அச்சுட்டு உதிர்ந்து, தொழிலின் நினைவு மங்கி, குரோவ்னர் என்பது வெறும் பெயராக நிலைபெற்றது.

கேடயத்தில் பிறந்த மொழி

குலச்சின்னம் தோன்றியதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். 1066ஆம் ஆண்டுப் போரைச் சித்திரிக்கும் பேயூ தையல்திரையில் வீரர்களின் கேடயங்களில் கோடுகளும் விலங்கு வடிவங்களும் காணப்படுகின்றன. ஆயினும் ஒரே வீரர் வெவ்வேறு காட்சிகளில் வெவ்வேறு வடிவங்களைத் தாங்கி நிற்பதால், அவை அழகுக்கு இடப்பட்டவையேயன்றி ஒருவர்க்கு நிலையாக உரிய சின்னங்கள் அல்ல என்பது புலனாகிறது. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் இந்நிலை மாறியது. ஆஞ்சூ நாட்டுக் கோமகன் ஜெஃப்ரி பொற்சிங்கங்கள் பொறித்த நீலக் கேடயத்தோடு நிற்கும் எனாமல் தகடு பிரான்சின் லெ மான் நகரில் உள்ளது. 1226ஆம் ஆண்டு இறந்த அவருடைய பேரன் வில்லியம் லாங்ஸ்பேயின் கல்லறைச் சிலை ஆங்கில நாட்டின் சால்ஸ்பரி பேராலயத்தில் அதே சிங்கங்களைத் தாங்கிக் கிடக்கிறது. பாட்டனின் கேடயம் பேரனிடம் வந்து சேர்ந்த அந்நிகழ்வே குலச்சின்னத்தின் இலக்கணத்தை வகுக்கிறது: வண்ணத்தாலும் வடிவத்தாலும் நிலைபெற்று, குருதிவழி இறங்கும் அடையாளமே குலச்சின்னம்.

அதன் அமைப்பில் சில விதிகள் உண்டு. பொன், வெள்ளி ஆகிய இரண்டும் உலோகங்கள் எனவும், செம்மை, நீலம், கருமை, பசுமை, ஊதா ஆகியவை வண்ணங்கள் எனவும் பகுக்கப்பட்டன. உலோகத்தின்மேல் உலோகத்தையோ வண்ணத்தின்மேல் வண்ணத்தையோ இடுதல் ஆகாது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு வடிவம் பளிச்செனத் தெரிய வேண்டும் என்பதே இவ்விதியின் நோக்கம். வலம், இடம் என்பவை கேடயத்தைத் தாங்கி நிற்பவரின் நிலையிலிருந்து சொல்லப்படுவன. ஆகவே சின்னத்தின் வலப்புறம் பார்ப்பவரின் இடப்புறமாகும். கேடயத்தின் வலத்தோளிலிருந்து இடக்கீழ்ப்பகுதி வரை குறுக்காகச் செல்லும் அகன்ற பட்டைக்கு ‘பெண்ட்’ என்று பெயர். இதனைச் சாய்பட்டை எனலாம். சின்னத்தைச் சொற்களால் விவரிக்கும் முறையும் நார்மானியப் பிரெஞ்சிலேயே வளர்ந்தது. ‘அஸ்யூர் எ பெண்ட் ஓர்’ என்றால் நீலப்பரப்பில் பொன்னிறச் சாய்பட்டை என்று பொருள். இச்சிறு தொடரைக் கேட்ட ஓவியர் எவரும் மூலப்படத்தைப் பாராமலே அச்சின்னத்தைத் தீட்டிவிட முடியும்.

குலச்சின்னங்களை அறிந்து, பதிவு செய்து, போட்டிக் களங்களில் அறிவித்தவர்கள் ஹெரால்டு எனப்பட்ட கட்டியங்காரர்கள். அவர்கள் தொகுத்த சின்ன ஏடுகள் 13ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. 1300ஆம் ஆண்டு முதலாம் எட்வர்டு ஸ்காட்லாந்தின் கேர்லாவராக் கோட்டையை முற்றுகையிட்டபோது உடன்சென்ற வீரர்களின் சின்னங்களை ஒரு பிரெஞ்சுப் பாடல் வரிசைப்படுத்துகிறது. பிரையன் ஃபிட்ஸ்ஆலன், ஹியூ பாய்ன்ட்ஸ் என்னும் இருவர் ஒரே சின்னத்தைத் தாங்கி வந்ததால் எழுந்த பூசலையும் அப்பாடல் பதிவு செய்துள்ளது. வண்ணங்கள் சில, அடிப்படைப் பட்டைகள் சில என்னும் வரம்புக்குள் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தத்தமக்குச் சின்னம் தேர்ந்துகொண்டதால், ஒருவரை ஒருவர் அறியாத தொலைவில் ஒரே வடிவம் இருமுறை, மும்முறை தோன்றியது இயல்பே. அவர்கள் ஒரே படையில் ஒன்றுசேரும் நாள்வரை அதனால் எவர்க்கும் இடையூறு இல்லை.

1385: ஒரே சின்னம், இரு வீரர்கள்

அத்தகைய நாள் 1385ஆம் ஆண்டு வந்தது. பதினெட்டு வயதே நிரம்பிய மன்னர் இரண்டாம் ரிச்சர்டு ஸ்காட்லாந்தின்மீது படையெடுத்தபோது, நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வீரர்கள் ஒரே முகாமில் திரண்டனர். யார்க்ஷையரைச் சேர்ந்த சர் ரிச்சர்டு ஸ்க்ரூப், நீலத்தின்மேல் பொற்சாய்பட்டை பொறித்த தம் சின்னத்தையே செஷையரைச் சேர்ந்த சர் ராபர்ட் குரோவ்னர் என்பவரும் தாங்கி வந்திருப்பதைக் கண்டு, அதற்கு உரிமை கோரி வழக்குத் தொடுத்தார்.

இருவரின் நிலையும் சமமானதன்று. ஸ்க்ரூப் அறுபது வயதை நெருங்கியவர். பிரான்சிலும் ஸ்காட்லாந்திலும் பல போர்களைக் கண்டவர். இருமுறை நாட்டின் சான்சலர் பதவியை, அதாவது அரச முத்திரையைக் காக்கும் முதன்மை அமைச்சர் பதவியை வகித்தவர். வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் போல்ட்டன் கோட்டையை எழுப்பியவர். எனினும் அவருடைய குடும்பத்தின் உயர்வு வாளால் வந்ததைவிடச் சட்டத்தால் வந்தது: தந்தை ஹென்றி ஸ்க்ரூப்பும், சிற்றப்பன் ஜெஃப்ரி ஸ்க்ரூப்பும் அரச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதிகளாக இருந்தவர்கள். வழக்கறிஞர் குடும்பத்துக்கு வீரமரபுச் சின்னம் பழமையானதாக இருக்க இயலுமா என்னும் வினா எழக்கூடிய நிலையில், அச்சின்னம் தம் குடும்பத்தின் மதிப்புக்கே சான்று என அவர் கருதியதில் வியப்பில்லை. குரோவ்னரோ தம் நாட்டுப்புறத்துக்கு வெளியே அதிகம் அறியப்படாத ஒரு வீரர். பிரான்சுப் போரில் தொண்டாற்றியவர். அவருடைய பெயரும் செல்வாக்கும் செஷையரிலும் அண்டையிலுள்ள லங்காஷையரிலும் வேல்ஸின் வடபகுதியிலும் மட்டுமே நிலைத்திருந்தன.

வழக்கு வீரமரபு நீதிமன்றத்தின் முன் வந்தது. கான்ஸ்டபிள், மார்ஷல் என்னும் இரு உயர் படை அலுவலர்களின் தலைமையில் இயங்கிய இம்மன்றம், போர்க்கைதிகள், மீட்புப்பணம், சின்னங்கள் ஆகியவை பற்றிய பூசல்களை விசாரித்தது. இங்குக் கான்ஸ்டபிள் என்பது பிற்காலக் காவலரைக் குறிப்பதன்று, அரசரின் படைகளுக்குத் தலைமை தாங்கிய உயர்பதவியைக் குறிப்பது. மன்னரின் சிற்றப்பனும் குளோஸ்டர் கோமகனுமான தாமஸ் அப்போது அப்பதவியில் இருந்தார். இரு தரப்பினரும் நாடு முழுவதிலுமிருந்து சாட்சிகளைத் திரட்டினர். ஆணையர்கள் பல ஊர்களுக்குச் சென்று வாக்குமூலங்களைப் பதிவு செய்தனர். 1386ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த படைவீரர்களின் வாக்குமூலங்களைப் பெறப் பிளிமத் துறைமுகத்துக்கும் சென்றனர். இவ்வாறு பதிவான வாக்குமூலங்கள் நூற்றுக்கணக்கானவை.

சாட்சிகள் கண்டவை

சாட்சிகளின் வரிசை அக்காலத்து ஆங்கில நாட்டின் முழு உருவத்தையும் கண்முன் நிறுத்துகிறது. ஸ்க்ரூப் தரப்பில் மன்னரின் மற்றொரு சிற்றப்பனான லங்காஸ்டர் கோமகன் ஜான் ஆஃப் காண்டும், பின்னாளில் நான்காம் ஹென்றியாக முடிசூடிய அவர் மகன் ஹென்றி போலிங்புரோக்கும், ‘ஹாட்ஸ்பர்’ என்று புகழ்பெற்ற இளம் ஹென்றி பெர்சியும் சான்று பகர்ந்தனர். நூறு வயதைக் கடந்த சர் ஜான் சல்லியும் அவர்களுள் ஒருவர். குரோவ்னர் தரப்பில் 1386 செப்டம்பர் 3ஆம் நாள் செஸ்டர் நகரின் புனித ஜான் ஆலயத்தில் ஓவைன் கிளிண்டூர் சான்று பகர்ந்தார். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் வேல்ஸின் விடுதலைப் போருக்குத் தலைமை தாங்கி, அதே நான்காம் ஹென்றியை எதிர்த்துப் போரிட்ட பெருவீரர் அவரே.

எல்லாச் சாட்சியங்களுள்ளும் மிகவும் அறியப்பட்டது கேன்டர்பரி கதைகளை இயற்றிய கவிஞர் ஜெஃப்ரி சாசருடையது. 1386 அக்டோபர் 15ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் உணவுக்கூடத்தில் வாக்குமூலம் அளித்த அவர், தமக்கு நாற்பது வயதுக்கு மேலாகிறது என்றும், ஆயுதம் தாங்கி இருபத்தேழு ஆண்டுகள் ஆயின என்றும் கூறினார். அவர் பிறந்த ஆண்டை வேறெந்த ஆவணமும் நேரடியாகக் கூறாததால், அவருடைய வாழ்க்கையை எழுதுவோர்க்கு இவ்வாக்குமூலமே முதன்மைச் சான்றாக அமைந்துவிட்டது. பிரான்சில் தாம் சிறைப்படுவதற்கு முன்னர் நடந்த படையெடுப்பில் ஸ்க்ரூப் குடும்பத்தார் அச்சின்னத்தைத் தாங்கி நின்றதைத் தாமே கண்டதாகவும், பின்னொரு நாள் லண்டனின் ஃப்ரைடே தெருவில் நடந்து சென்றபோது அதே சின்னம் தீட்டிய பலகை ஒன்று புதிதாகத் தொங்குவதைக் கண்டு, இது ஸ்க்ரூப் தங்கியுள்ள விடுதியோ என வினவ, அங்கிருந்த ஒருவர் அது செஷையரைச் சேர்ந்த ராபர்ட் குரோவ்னர் என்னும் வீரருக்காகத் தொங்கவிடப்பட்டது என விடை கூறியதாகவும், குரோவ்னர் என்னும் பெயரைத் தாம் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான் என்றும் சாசர் தெரிவித்தார். ஒரு தெரு, ஒரு பலகை, ஒரு வினா, ஒரு விடை என்னும் அளவில் அமைந்த இவ்வாக்குமூலம், தாம் கண்டதற்கும் கேட்டதற்கும் அப்பால் ஒரு சொல்லும் செல்லாத நேர்மையால் சிறந்து நிற்கிறது.

மற்றையோரின் வாக்குமூலங்களும் இத்தன்மையனவே. துறவிகளும் ஆலயப் பொறுப்பாளர்களும் தத்தம் வழிபாட்டிடங்களின் சாளரக் கண்ணாடியிலும் சுவரிலும் பலிபீட விரிப்பிலும் பூசை உடையிலும் கல்லறைக் கல்லிலும் எந்தச் சின்னம், யார் பெயரால், எத்தனை காலமாக விளங்குகிறது என்று எடுத்துரைத்தனர். போர்வீரர்கள் எந்தப் படையெடுப்பில், யாருடைய அணியில், யார் தோளில் அதைக் கண்டனர் என்று கூறினர். பலர் தம் தந்தையரிடமும் முதியோரிடமும் கேட்டறிந்ததையும் சேர்த்துரைத்தனர். எழுத்துப் பதிவேடு இல்லாத ஓர் உரிமைக்கு ஒரு நாட்டின் கண்களும் செவிகளும் பதிவேடாயின.

இரு தரப்பினரும் முன்வைத்த தொன்மைக் கோரிக்கைகள் இவ்வலிமை பெற்றவை அல்ல. குரோவ்னர் தரப்பில் வேல் ராயல் மடத்தின் தலைவர், வில்லியமோடு 1066இல் வந்த கில்பர்ட் லெ குரோவ்னர் என்பவரே குலமுதல்வர் என்றும், அவர் செஸ்டர் ஏர்ல் ஹியூ லூப்பஸின் உறவினர் என்றும், அன்று முதல் இச்சின்னம் இக்குடும்பத்தோடு இருந்துவருகிறது என்றும் வழிமுறை உரைத்தார். ஸ்க்ரூப் தரப்பும் தம் சின்னத்தின் தொடக்கத்தை அதே படையெடுப்பில் வைத்தது. இதற்கு முன்னரே பிரான்சுப் போர்க்களத்தில் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த கார்மினோ என்னும் குடும்பத்தார் இதே சின்னத்துக்கு உரிமை கோரி, ஆர்தர் மன்னர் காலத்திலிருந்தே தம் முன்னோர் அதைத் தாங்கியதாகக் கூறியிருந்தனர். கார்ன்வால் ஒரு காலத்தில் தனிநாடாக விளங்கியது என்னும் காரணத்தால் அவ்விரு குடும்பங்களும் அச்சின்னத்தைத் தாங்கலாம் என அப்போது இசைவு காணப்பட்டது. நிலையான குலச்சின்னம் என்னும் வழக்கமே 12ஆம் நூற்றாண்டில் தோன்றியதாதலால், இம்மூன்று கோரிக்கைகளுள் எதுவும் உண்மையாக இருந்திருக்க இயலாது. அக்கால மக்கள் அதை அறிந்திருக்கவில்லை. தம் கண்முன் நிலைத்த வழக்கம் படைப்புக்காலம் முதல் இருந்ததாகவே அவர்கள் உண்மையாக நம்பினர்.

தீர்ப்பும் அதன் பொருளும்

1389ஆம் ஆண்டு கான்ஸ்டபிள் தம் தீர்ப்பை வழங்கினார். நீலத்தின்மேல் பொற்சாய்பட்டை ஸ்க்ரூப்புக்கே உரியது. ஆயினும் குரோவ்னர் தரப்பிலும் வலிய சான்றுகள் இருப்பதால், அவர் அதே சின்னத்தைச் சுற்றி வெள்ளி ஓரப்பட்டை இட்டு வேறுபடுத்தித் தாங்கலாம் என்பது அத்தீர்ப்பு. ஓரப்பட்டை என்பது கேடயத்தின் விளிம்பைச் சுற்றிச் செல்லும் கரை. ஒரே குடும்பத்தின் கிளைகள் தம்முள் வேறுபாடு காட்டுவதற்குக் கையாண்ட குறிகளுள் அதுவும் ஒன்று. இருவரும் இதை ஏற்கவில்லை. வழக்கு மன்னரிடம் முறையீடாகச் சென்றது.

1390 மே மாதத்தில் இரண்டாம் ரிச்சர்டு வழங்கிய இறுதி முடிவு, குலச்சின்ன வரலாற்றில் ஓர் அடிக்கல். வெள்ளி ஓரப்பட்டை குருதியுறவுடைய ஒருவரின் சின்னத்துக்கு ஏற்ற வேறுபாடேயன்றி, உறவற்ற வேற்றுக் குடும்பத்தார்க்கு ஏற்றதன்று எனக் கூறி, கான்ஸ்டபிள் அளித்த அந்தச் சலுகையை மன்னர் நீக்கினார். இதன் பொருள் ஆழமானது. வேறுபாட்டுக்குறி ஒரு சின்னத்தை இன்னொன்றிலிருந்து பிரிப்பது மட்டுமன்று, அவ்விரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று அறிவிப்பதும் ஆகும். ஆகவே உறவில்லாத ஒருவருக்கு அதை அனுமதிப்பது சின்னத்தின் வழியே ஒரு பொய்யை உரைப்பதாகும். ஒரே நாட்டில் உறவற்ற இரு குடும்பங்கள் ஒரே சின்னத்தையோ அதன் சாயலையோ தாங்கலாகாது என்னும் கொள்கை இம்முடிவால் உறுதிப்பட்டது. தோற்றவர் மீது பெரும் வழக்குச் செலவும் சுமத்தப்பட்டது. பின்னர் இருவரும் நாடாளுமன்றத்தில் இணக்கம் கண்டனர்.

பின்வந்த மன்னர்களும் இவ்வழியிலேயே சென்றனர். 1417ஆம் ஆண்டு ஐந்தாம் ஹென்றி, முன்னோர் வழியாகவோ தக்க அதிகாரமுடையோரின் கொடையாகவோ பெறாத சின்னத்தை எவரும் தாங்கலாகாது என ஆணையிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் அஜின்கோர்ட் போரில் தம்முடன் நின்றோர்க்கு மட்டும் விலக்களித்தார். 1484ஆம் ஆண்டு மூன்றாம் ரிச்சர்டு கட்டியங்காரர்களைக் குலச்சின்னக் கல்லூரி என்னும் அமைப்பாக ஒருங்கிணைத்துப் பட்டயம் அளித்தார். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அக்கல்லூரியினர் மாவட்டம்தோறும் சென்று, குடும்பங்கள் தாங்கிய சின்னங்களைச் சான்றுகளோடு சரிபார்த்துப் பதிவு செய்தனர். இன்றும் இங்கிலாந்தில் சின்னம் வழங்கும் அதிகாரம் அரசின் பெயரால் அக்கல்லூரிக்கே உரியது. வீரமரபு நீதிமன்றமும் மான்செஸ்டர் மாநகராட்சி தொடுத்த வழக்கை விசாரிக்க 1954ஆம் ஆண்டு மீண்டும் கூடியது.

கதிர்க்கட்டும் வேட்டைநாயும்

பொற்சாய்பட்டையை இழந்த குரோவ்னர், அதற்கு ஈடாக நீலப்பரப்பில் ஒரு பொன்னிறக் கோதுமைக் கதிர்க்கட்டைத் தம் சின்னமாக ஏற்றார். இத்தேர்வு கருத்தூன்றத்தக்கது. நீலத்தில் மூன்று பொற்கதிர்க்கட்டுகள் பழைய செஸ்டர் ஏர்ல்களின் சின்னம். அவர்களின் நிழலில் வாழ்ந்த செஷையர்க் குடும்பங்கள் பலவற்றின் சின்னங்களில் கதிர்க்கட்டு இடம்பெறுகிறது. செஸ்டர் நகரின் சின்னத்திலும் அதுவே விளங்குகிறது. ஆகவே ஒற்றைக் கதிர்க்கட்டை ஏற்றதன் மூலம், நீதிமன்றம் ஏற்க மறுத்த படையெடுப்புக்காலப் பெருமையை விடுத்து, தமக்கு முதல் நிலத்தை அளித்த ஏர்ல்களோடும் தம் சொந்த நாட்டுப்புறத்தோடும் கொண்ட தொடர்பை அக்குடும்பம் அறிவித்தது. பழைய சின்னத்தைவிட இப்புதிய சின்னமே அக்குடும்பத்தின் மெய்யான வரலாற்றுக்கு நெருங்கியது.

கேடயத்தின் மேலே தலைக்கவசத்தின்மீது அமர்த்தப்படும் உருவத்துக்குக் ‘கிரெஸ்ட்’ என்று பெயர்; குரோவ்னர் குடும்பத்தின் கிரெஸ்ட் டால்பட் எனப்படும் பழங்கால வேட்டைநாய். கேடயத்தை இருபுறமும் தாங்கி நிற்பவையும் டால்பட் நாய்களே. பெயரின் பொருளை வடிவத்தால் உணர்த்தும் இவ்வழக்கம் ஆங்கிலக் குலச்சின்னங்களில் பரவலானது. ஷேக்ஸ்பியரின் தந்தை 1596ஆம் ஆண்டு பெற்ற சின்னத்தில் ஓர் ஈட்டியும், லூசி குடும்பத்தின் சின்னத்தில் அப்பெயரோடு ஒலியொத்த மீனும் இடம்பெறுவது அதனால்தான். செஸ்டர் ஏர்ல்களின் காடுகளில் தோன்றிய வேட்டைத்தொழில், பெயரிலிருந்து மங்கிய பின்னும் நாயின் வடிவில் நிலைத்துவிட்டது.

இக்குடும்பத்தின் பிற்கால உயர்வுக்குச் சின்னத்தின் தொன்மை காரணமன்று. 15ஆம் நூற்றாண்டில் ஒரு திருமணத்தின் வழியாகச் செஷையரின் ஈட்டன் நிலம் வந்து சேர்ந்தது. 1677ஆம் ஆண்டு சர் தாமஸ் குரோவ்னர், பன்னிரண்டே வயது நிரம்பிய மேரி டேவிஸை மணந்தபோது, லண்டனுக்கு மேற்கே ஈரமும் மேய்ச்சலுமாகக் கிடந்த ஏறத்தாழ 500 ஏக்கர் நிலம் உடன்வந்தது. நகரம் வளர்ந்து அந்நிலத்தின்மேல் பரவியபோது மேஃபேர், பெல்கிரேவியா ஆகிய செல்வப் பகுதிகள் எழுந்தன. குரோவ்னர் சதுக்கம், டேவிஸ் தெரு, ஈட்டன் சதுக்கம் ஆகிய பெயர்கள் அவ்வரலாற்றின் படிகளை இன்றும் தாங்கி நிற்கின்றன. 1761இல் பாரன், 1784இல் ஏர்ல், 1831இல் வெஸ்ட்மின்ஸ்டர் மார்க்குவெஸ் எனப் பட்டங்கள் ஏறி, 1874ஆம் ஆண்டு உயர்குடிப் பட்டங்களில் தலையாய டியூக் பட்டம் வந்தது.

ஆயினும் இழந்த சின்னத்தின் நினைவு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மறையவில்லை. முதலாம் வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் தம் பந்தயக் குதிரைக்குப் ‘பெண்ட் ஓர்’, அதாவது பொற்சாய்பட்டை என்று பெயரிட்டார். அக்குதிரை 1880ஆம் ஆண்டு டெர்பி பந்தயத்தில் வென்றது. அவருக்குப் பின் பட்டம் ஏற்ற பேரனும் வாழ்நாள் முழுவதும் ‘பெண்டோர்’ என்னும் செல்லப்பெயராலேயே அழைக்கப்பட்டார். தாம் முன்னோரெனக் கருதிய ஹியூ லூப்பஸின் பெருஞ்சிலையை ஈட்டன் மாளிகையின் முன் நிறுவ, புகழ்பெற்ற கலைஞர் ஜி. எஃப். வாட்ஸை டியூக் அமர்த்தினார். ஆவணங்களை நுணுகி ஆராய்ந்த பிற்கால வரலாற்றாசிரியர்கள் அவ்வுறவுக்குச் சான்று காணவில்லை.

பெயர் தருவதும் சின்னம் தருவதும்

குடிப்பெயரையும் குலச்சின்னத்தையும் ஒப்புநோக்குவோர்க்கு இவ்வரலாறு மூன்று செய்திகளைத் தருகிறது. முதலாவது, இரண்டும் தனித்தனி வழியில் பிறந்தவை. வேட்டையை நடத்திய எந்த நார்மானியருக்கும் குரோவ்னர் என்னும் அடைமொழி அமையலாம். அப்பெயரைக் கொண்ட இருவர் உறவினராக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. சின்னமோ, ஒருவர் பெற்று அவர் வழியில் மட்டும் இறங்குவது. ஆகவே ஒரு குடிப்பெயரைச் சொல்லி அதற்குரிய சின்னம் எது எனக் கேட்பது பொருந்தாது. எந்த மனிதர், எந்த ஊரில், எந்தக் காலத்தில் தாங்கிய சின்னம் எனக் கேட்பதே பொருந்தும்.

இரண்டாவது, தொன்மையைப் பற்றிய கதைகள் எவ்வளவு உண்மையாக நம்பப்பட்டாலும் அவை உரிமையை நிறுவுவதில்லை. 1066ஆம் ஆண்டின் ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தையும் ஆர்தர் மன்னரையும் சுட்டிய கோரிக்கைகள் அனைத்தும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. சாளரக் கண்ணாடியையும் முத்திரையையும் சுட்டிய எளிய வாக்குமூலங்களே வழக்கைத் தாங்கி நின்றன. 1832ஆம் ஆண்டு நிக்கோலஸ் ஹாரிஸ் நிக்கோலஸ் அவ்வாவணங்களைப் பதிப்பித்தபோது, ஒரு சின்னத்தின் வரலாற்றோடு 14ஆம் நூற்றாண்டு ஆங்கில வாழ்வின் வரலாறும் கற்போர்க்குக் கிட்டியது. அவ்விரு வீரர்களின் பூசல் தீர்ந்து பல நூற்றாண்டுகள் ஆன பின்னும் அறிஞர்கள் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பது, சாமானியரும் மேன்மக்களும் தாம் கண்டதைக் கண்டவாறு உரைத்த அந்நேர்மைக்காகவே.

மூன்றாவது, குடும்பத்தின் மதிப்பு அதன் சின்னத்தில் அடங்கிவிடுவதில்லை. குரோவ்னர் குடும்பத்தின் குறிக்கோள் வாசகம் இலத்தீனில் அமைந்தது. குலவழி அன்று, தகைமையே பெரிது என்பது அதன் கருத்து. குலவழியை நிறுவ முயன்று தோற்ற குடும்பமொன்று இவ்வாசகத்தைத் தன் கேடயத்தின்கீழ் ஏற்றது பொருத்தமே. இழந்த சின்னத்தைவிட நிலைத்த பெயர் தன்னை மேலும் தொலைவுக்குக் கொண்டுசென்றது என்பதை அக்குடும்பத்தின் வரலாறு காட்டுகிறது. ஒரு குடிப்பெயரின் வேரைத் தேடுவோர், அப்பெயருக்கு யார் என்ன செய்து பொருள் சேர்த்தனர் என்பதைத் தேடினாலே அவர்கள் தேடல் நிறைவுறும்.